கணினியில் பாட்டுக் கேட்க: பொது வழியா, தனி வழியா?

விண்டோஸ் கணினியிலிருந்து ஒலி வெளியே வர இரண்டு முக்கிய வழிகள் இருக்கின்றன. 'ஷேர்டு மோட்' எனப்படும் பொது வழி ஒன்று. 'எக்ஸ்க்ளூசிவ் மோட்' எனப்படும் தனி வழி இன்னொன்று. நல்ல ஒலி வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு தனி வழிக்குப் போங்கள் என்பதுதான் பலரும் சொல்லும் யோசனை. மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு சின்ன யூஎஸ்பி டிஏசி (கணினி தரும் எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் பெட்டி) வாங்கி, வீட்டு ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தபோது இரண்டில் ஒன்றை நானும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டுப் பொது வழியையே வைத்துக்கொண்டேன். 24 பிட் (ஒவ்வோர் அளவீட்டின் நுட்பம்), 44,100 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு எத்தனை அளவீடுகள் என்ற 'சாம்பிள் ரேட்'), ஒலி மேம்பாடுகள் அனைத்தும் அணைப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

பொது வழியில் பாட்டுச் செயலி, பிரவுசர், வாட்ஸ்அப் அறிவிப்பு என்று எது ஒலி எழுப்பினாலும் எல்லாம் முதலில் விண்டோஸின் ஒலிக்கலவைக்குப் போகும். அங்கே எல்லாமே ஒரே சாம்பிள் ரேட்டுக்கு மாற்றப்பட்டு, 32 பிட் தசம எண்களாகக் கூட்டப்பட்டு, ஒரே ஓடையாகக் கருவிக்குப் போய்ச் சேரும். தனி வழி, விண்டோஸ் விஸ்டாவோடு வந்த 'வாசாபி' என்ற ஒலி இடைமுகத்தின் இன்னொரு முகம். பாட்டுச் செயலி கலவையைத் தாண்டி நேராகக் கருவியைப் பிடித்துக்கொள்ளும். கோப்பில் உள்ள எண்கள் அப்படியே டிஏசிக்குப் போகும். காகிதத்தில் பார்த்தால் தனி வழியே மேல். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் பொது வழியில் ஒலியைத் தொடுவது யார் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், பெரும்பாலானவற்றை நாமே விலக்கிவிட முடியும் என்பது புரியும்.

முதல் ஆள், 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்' எனப்படும் மேம்பாடுகள். கணினி ஒலியைக் கெடுப்பதில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. குறிப்பாக 'லவுட்னஸ் ஈக்வலைசேஷன்'. சின்ன ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. பேச்சுக்குச் சரி. மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரக் கச்சேரியை அதில் போட்டுப் பாருங்கள். தவிலில் தொப்பி அடி விழும்போது மொத்த ஒலியும் ஒரு கணம் உள்ளே போகும். அடுத்த அடி வருவதற்குள் பின்னணி இரைச்சலும் கூட்டத்தின் இருமலும் மேலே ஏறி வரும். வலந்தலையில் விரல்கூடுகள் எழுப்பும் கூர்மை மழுங்கிவிடும். ஈக்வலைசரில் மேல் ஸ்வரப் பகுதியை ஏற்றி வைத்திருந்தால் அது வேறு வகைத் தொல்லை. நாதஸ்வரம் ஏற்கெனவே எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் பதிவாகியிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் மேல் ஷட்ஜமம் கிழிந்து கேட்கும். ஈக்வலைசர் வேண்டுமென்றால் எத்தனை டெசிபல் ஏற்றுகிறோமோ அத்தனை டெசிபல் முன்கூட்டியே குறைத்துவிட்டு ஏற்ற வேண்டும். இந்த மேம்பாடுகளை அணைத்துவிட்டாலே தனி வழியால் கிடைக்கும் ஆதாயத்தில் பெரும்பங்கு பொது வழிக்கும் கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது, சாம்பிள் ரேட் மாற்றம். ஆடியோ சிடியின் கணக்கு 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட். யூடியூப் பிரவுசரில் பெரும்பாலும் அனுப்பும் ஓபஸ் வகை ஒலி 48,000. திரைப்படக் கோப்புகளும் வழக்கமாக 48,000தான். விண்டோஸ் அமைப்பில் ஏதாவது ஓர் எண்ணைத்தான் வைக்க முடியும். பொருந்தாதது மாற்றப்பட்டே தீரும். 44,100-ஐ 48,000 ஆக்குவது 147-க்கு 160 என்ற விகிதம். இரண்டு மடங்கு ஆக்குவது போன்ற நேர்க்கணக்கு அல்ல. ஆனாலும் இன்றைய விண்டோஸ் அதை ஒழுங்காகவே செய்கிறது. எப்படியும் மாற்றமே இல்லாமல் இருப்பது நல்லது என்பதால், எதை அதிகம் கேட்கிறீர்களோ அதற்கு ஏற்ற எண்ணை வையுங்கள். என்னிடம் இருப்பவை பெரும்பாலும் சிடியிலிருந்து எடுத்தவை. மீதி, அப்பாவின் கேசட்டுகளிலிருந்து 44,100-இல் நானே ஏற்றியவை. அதனால் 44,100. யூடியூப்பும் படமுமே உங்கள் வீட்டில் ஓடுகிறதென்றால் 48,000 வைத்துவிடுங்கள்.

1,92,000 என்று பட்டியலின் கடைசியில் இருப்பதைப் பெரிய எண் என்பதற்காகத் தேர்ந்தெடுப்பதில் பொருளே இல்லை. பதிவில் இல்லாத எதையும் அது உண்டாக்காது. 44,100 என்றாலே அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை ஒலியைத் தாங்கும். மனிதக் காது, அதுவும் இளங்காது, 20,000 வரைதான். நாற்பதைக் கடந்தவர்களுக்கு அதுவும் குறைந்துவிடும்.

மூன்றாவது, வால்யூம். இங்கேதான் 24 பிட் உதவுகிறது. ஒலியை 6 டெசிபல் குறைக்கும்போது ஒரு பிட் போகிறது. 16 பிட் அமைப்பில் விண்டோஸ் வால்யூமை 24 டெசிபல் இறக்கினால் கையில் மிஞ்சுவது 12 பிட். 24 பிட் அமைப்பில் அதே அளவு இறக்கினாலும் பதிவின் 16 பிட்டும் முழுதாக உள்ளே இருக்கும். பாட்டு 16 பிட் என்றாலும் அமைப்பை 24-இல் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். 32 வைத்தாலும் கெடுதல் இல்லை, கூடுதல் பயனும் இல்லை.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் பொது வழியில் எண்ணுக்கு எண் அப்படியே போய்ச் சேருவதில்லை; அது உண்மை. மிஞ்சும் வேறுபாடு காதுக்கு எட்டுமா என்பதுதான் கேள்வி. மதுரையில் பங்குனி தொடங்கி ஆவணி வரை மின்விசிறி இல்லாமல் யார் பாட்டுக் கேட்கிறார்கள்? 16 பிட்டுக்கே 96 டெசிபல் அளவு உண்டு. விசிறிச் சத்தத்துக்கு மேல் அந்த 96-உம் தெரிய வேண்டுமென்றால் காது தாங்காத அளவுக்கு ஒலியை ஏற்ற வேண்டியிருக்கும். பதிவுகளின் பக்கம் பாருங்கள். மதுரை மணி ஐயர் 1968-இல் மறைந்தார். நாம் ஆசையாகக் கேட்கும் அவருடைய கச்சேரிகளில் பல, ரசிகர்கள் டேப்பில் பிடித்து வைத்தவை. அந்த நாள் டேப்பில் இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் நடுவே 60 டெசிபல் கிடைத்தாலே பெரிது. அந்தக் குரலின் சுகம் கடைசி பிட்டில் ஒளிந்திருக்கவில்லை. என் ஆம்ப்ளிஃபயரிலும் ஹெட்போனிலும், எந்த வழி ஓடுகிறது என்று தெரியாமல் மனைவி மாற்றி மாற்றி வைத்துக் கேட்டபோது எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. லட்ச ரூபாய்க் கருவிகளில் கேட்டுப் பழகியவன் இல்லை நான். அங்கே வேறு விடை வரலாம்.

பிறகு ஏன் தனி வழியில் ஒலி தெளிவாக இருக்கிறது என்று இத்தனை பேர் சொல்கிறார்கள்? மேம்பாடுகளை அணைக்காமல் ஒப்பிடுவது ஒரு காரணம். இன்னொன்று, சத்தம். பல கருவிகளில் தனி வழிக்குப் போனதும் விண்டோஸ் வால்யூம் கணக்கில் வராது. பொது வழியில் 70-இல் வைத்துக் கேட்டவர், தனி வழியில் முழு அளவில் கேட்கிறார். சற்றே கூடுதலான சத்தம் நம் காதுக்குக் கூடுதல் தெளிவாகவே படும். ஒரு டெசிபல் ஏறினால்கூடப் போதும், 'சத்தம் அதிகம்' என்று தோன்றாது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டிலும் சத்தத்தைச் சமமாக வைத்துவிட்டு ஒப்பிடுங்கள். ஹெட்போன் மாட்டியிருப்பவர்களுக்கு இதில் ஆபத்தும் உண்டு: வால்யூம் குறைவாகத்தானே இருக்கிறது என்று தனி வழிக்கு மாற்றியதும் முழுச் சத்தமும் காதில் இறங்கிவிடும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுவும் அல்ல. அந்தக் கணினியை எத்தனை பேர் புழங்குகிறார்கள் என்பதுதான். எங்கள் வீட்டில் ஒரே கணினி. மாலையில் மகளுக்கு வாய்ப்பாட்டு வகுப்பு அதில்தான். அம்மாவுக்குக் காலையில் யூடியூப்பில் சொற்பொழிவு. எனக்கு இரவில் பாட்டு. தனி வழி என்றால் ஒருவர் பிடித்தபின் மற்றவருக்கு அந்தக் கருவி இல்லை. ஃபூபார் என்ற பாட்டுச் செயலியில் பாட்டை நிறுத்தாமல் நான் எழுந்து போய்விட்டால், அம்மா யூடியூப்பைத் திறக்கும்போது படம் நகராது. 'ஆடியோ ரெண்டரர் பிழை, கணினியை மறுபடி துவக்குங்கள்' என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நிற்கும். அம்மா அதைப் படித்துவிட்டுக் கணினியே பழுதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். மறுபக்கமும் உண்டு. கருவியின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் தனி வழிக்கு இரண்டு கட்டங்கள் இருக்கின்றன: செயலிகள் கருவியைத் தனியாகப் பிடிக்கலாமா என்பது ஒன்று, அப்படிப் பிடிப்பவற்றுக்கு முன்னுரிமை உண்டா என்பது இன்னொன்று. வழக்கமாக இரண்டிலும் டிக் இருக்கும். முன்னுரிமை இருக்கும்வரை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது யாராவது பாட்டைத் தட்டினால் ஆசிரியரின் குரல் நடுவில் அறுந்துவிடும்.

இதற்கு மாற்று இருக்கிறது. கணினியின் சொந்த ஸ்பீக்கரை வகுப்புக்கும் யூடியூப்புக்கும் விட்டுவிட்டு, டிஏசியைப் பாட்டுக்கு மட்டும் ஒதுக்கினால் இருவரும் மோதிக்கொள்ள மாட்டார்கள். தனியாக இருப்பவருக்கும், பாட்டுக்கென்றே கணினி வைத்திருப்பவருக்கும் தனி வழி தாராளமாகப் பொருந்தும். எங்கள் வீட்டில் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடிதான். அது டிஏசியின் பின்னால் இருக்கிறது. சொற்பொழிவு கேட்கும் அம்மாவுக்கு மட்டும் மடிக்கணினியின் ஓட்டை ஸ்பீக்கர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பொது வழியில் இருப்பவர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இன்னோர் இடம், பழைய 'சவுண்ட்' பெட்டியின் 'கம்யூனிகேஷன்ஸ்' பக்கம். அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி அங்கே அமைந்திருக்கும். வகுப்பின்போது சுருதிப் பெட்டிச் செயலியையும் அதே கணினியில் ஓட விட்டால் சுருதி திடீரென்று அடங்கிப்போவது இதனால்தான். 'எதுவும் செய்யாதே' என்று மாற்றிவிடுங்கள். ஜூமில் வகுப்பு என்றால் இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் நம் பக்கத்துத் தம்புரா நாதத்தை அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிடும்.

தனி வழியே சரி என்று நான் தயங்காமல் சொல்லும் இடமும் ஒன்று உண்டு. உசிலம்பட்டிப் பக்கம் மைக்செட் வைத்திருக்கும் மாமா ஒருவர், இப்போது மடிக்கணினியிலிருந்துதான் பாட்டுப் போடுகிறார். "மாப்பிள்ளை, தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரத்துக்கு நடுவே டிங் என்று ஒரு சத்தம் வருகிறது. மண்டபமே திரும்பிப் பார்க்கிறது. அதற்கு ஒரு வழி சொல்லு" என்றார். அவருக்குத் தனி வழியை அமைத்துக் கொடுத்தேன். பாட்டுச் செயலி கருவியைப் பிடித்திருக்கும்வரை வேறு எந்த அறிவிப்பும் அந்தக் கருவி வழியாக வெளியே வராது. கணினி ஒருவர் கையில், வேலை ஒன்றே ஒன்று, ஒலி அளவுக்குத் தனியாக மிக்சர் இருக்கிறது. அங்கே தனி வழியின் குறைகள் எதுவுமே குறையாகத் தெரிவதில்லை.

ஏசியோ என்ற இன்னொரு வழியைப் பற்றியும் கேட்பார்கள். ஸ்டைன்பர்க் நிறுவனம் ஒலிப்பதிவுக் கூடங்களுக்காக உருவாக்கியது அது. தாமதத்தைக் குறைப்பதே நோக்கம்: 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) என்றால் மூன்று மில்லிவினாடிக்கும் குறைவு. கணினி வழியாகக் கீபோர்டு வாசிப்பவர்களுக்கு அது இன்றியமையாதது. பதிந்த பாட்டைக் கேட்பதற்குத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. ஒலித்தரத்தில் வாசாபியின் தனி வழியைவிட அது கூடுதலாகத் தருவதும் எதுவும் இல்லை. எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போனால் 48,000 வைத்து விட்டுவிடலாம். புளூடூத்தில் ஒலி எப்படியும் மறுபடி சுருக்கப்பட்டுத்தான் போகிறது என்பதால் இந்தத் தேர்வுகளுக்கு அங்கே வேலை குறைவு. ஹெட்போனின் மைக்கை ஏதாவது ஒரு செயலி திறந்தால் பாட்டு பழைய தொலைபேசி போல ஒற்றை ஒலியாகச் சுருங்கிவிடலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மைக்குக்குக் கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எந்த வழியாலும் தீராத ஒன்று, ஸ்பீக்கரில் வரும் உறுமல். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது உறுமல் நின்றால் அது மின்சாரம், எர்த் சம்பந்தப்பட்டது; ஒலி அமைப்பில் தேட வேண்டாம். கரண்ட் போனதும் மட்டும் ஸ்பீக்கர் ரீங்காரம் இடுகிறதென்றால் சதுர அலை இன்வெர்ட்டர் காரணமாக இருக்கலாம். சைன் அலை இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

விண்டோஸ் பெரிதாகப் புதுப்பித்துக்கொள்ளும்போதோ ஒலி டிரைவர் மாறும்போதோ மேம்பாடுகள் தாமாகவே மறுபடி இயங்கத் தொடங்குவது உண்டு. 44,100 என்று வைத்தது 48,000 ஆகியிருப்பதும் உண்டு. ஒலியில் ஏதோ மாறியதுபோல் தோன்றினால் புதுக் கருவி வாங்க டவுன்ஹால் ரோட்டுக்குக் கிளம்பும் முன் அந்த இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.