சுராங்கனியா, மெனிக்கேயா?

கொழும்பில் ஒரு வருடம் குடியிருந்த சென்னைக்காரன் நான். வெள்ளவத்தையில் அறை, காலி வீதியில் தனியார் பஸ். மனதில் தங்கியவை இரண்டு பாடல்கள்.

2021இல் சிங்களப் பாடகி யொஹானி, சதீஷனுடன் பாடிய ‘மெனிக்கே மகே ஹிதே’ ஹெட்போனுக்கு உகந்தது. குழைவான குரல், நடுவே ராப். தனியாகக் கேட்க வேண்டிய இனிமை.

இலங்கைத் தமிழ்ப் பாடகர் ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யோ கூட்டத்தின் சொத்து, ஆறெட்டுத் தாளத்தில் துள்ளும் பைலா, அதாவது இலங்கையின் ஆட்டப் பாட்டு. சுராங்கனிக்கு மீன் வந்திருக்கிறது, அவ்வளவுதான் செய்தி! (பாட்டுக்கு அதற்கு மேல் எதற்கு?) முதல் அடி ஒலித்ததும் நடத்துநர் சில்லறையைக் குலுக்கித் தாளம் போடுவார், தமிழரும் சிங்களவரும் சேர்ந்தே முணுமுணுப்பார்கள். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவும் அதை எடுத்தாண்டார். என் ஓட்டு மனோகரனுக்கே. இரவு பத்து மணிக்கு மேல் என்றால் யொஹானி.