சில்க்கா நைலானா, கோடு வச்சதா கோடில்லாததா: ஸ்டாக்கிங்ஸ் போட்டியில யாரு ஜெயிச்சா?

நைலான் ஸ்டாக்கிங்ஸ், அதாவது பாதத்துல இருந்து தொடை வரைக்கும் இறுக்கிப் போடுற மெல்லிசான காலுறை, வந்துச்சு, கிழியவே கிழியாது, அதனால சில்க் காலின்னு ஒரு கதை சுத்திட்டே இருக்கு. எனக்கு அதுல பாதிக்கு மேல ஒத்துக்க முடியல. சில்க்கை ஓரங்கட்டினதுல ரெண்டாம் உலக யுத்தத்துக்கும் பங்கு இருக்கு, அந்த "கிழியாத" பேரை நைலான் தானே கெடுத்துக்கிச்சு. ஒவ்வொண்ணா எடுத்து வச்சுப் பாப்போம்.

முதல்ல சில்க். 1920கள்ல அமெரிக்காவுல பாவாடை முட்டி வரைக்கும் ஏறினதும் காலு வெளிய தெரிய ஆரம்பிச்சிருச்சு, அப்புறம் ஸ்டாக்கிங்ஸ் இல்லாம ஆபீசுக்கோ கடைக்கோ போறது நாகரிகமா படாது. சில்க் நூல் பெரும்பாலும் ஜப்பான்ல இருந்துதான். போட்டா இதமா இருக்கும், வியர்வையை இழுத்துக்கும், அந்த மினுமினுப்பும் கண்ணை உறுத்தாது. பிரச்சனை என்னன்னா நாலு தடவை போட்டா கணுக்கால்லயும் முட்டியிலயும் தொளதொளன்னு ஆயிரும், நகம் பட்டாலே நூல் இழுத்துக்கும். காசு இல்லாதவங்களுக்கு ரேயான்ங்கற செயற்கைப் பட்டு, அது கண்ணாடி மாதிரி பளபளக்கும்னு அதுமேல பவுடர் போட்டு மங்கலாக்கிட்டு கிளம்புவாங்க. ரேயானைப் பத்தி இதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

நைலானை 1935 பிப்ரவரி 28ல டூபாண்ட்ங்கற அமெரிக்க கெமிக்கல் கம்பெனி லேப்ல உண்டாக்கினது வாலஸ் கரோதர்ஸ் டீம். ரெண்டு கெமிக்கல், ரெண்டுலயும் ஆறாறு கார்பன், அதான் நைலான் 66னு பேரு. பாவம் மனுஷன், 1937 ஏப்ரல்ல தற்கொலை பண்ணிக்கிட்டார், தான் கண்டுபிடிச்சதுக்கு ஊரே வரிசையில நிக்கப்போறதை அவர் பாக்கல. 1938 அக்டோபர்ல கரி, காத்து, தண்ணியில இருந்து செஞ்ச நூல்னு பெருசா அறிவிச்சாங்க, ஆனா கடைக்கு முதல்ல வந்தது என்னவோ டூத்பிரஷ் நார்தான். 1939 அக்டோபர் 24ல டெலவேர் மாநிலம் வில்மிங்டன்ல வச்ச 4,000 ஜோடி ஸ்டாக்கிங்ஸ் சில மணி நேரத்துல காலி, அதுவும் உள்ளூர் விலாசம் இருந்தாதான் தருவோம்னு சொல்லி வித்தாங்க. 1940 மே 15ல நாடு பூரா வந்துச்சு, முதல் வருஷம் மட்டும் சுமார் 6.4 கோடி ஜோடி. மலிவா கொடுத்ததால ஓடிச்சுன்னு நினைக்காதீங்க, ஆரம்ப விலையே 1.15 டாலர், சாதாரண சில்க் ஜோடி ஒரு டாலருக்கும் கம்மியா கிடைச்ச காலம் அது.

அப்புறம் ஏன் இவ்ளோ கூட்டம்? விளம்பரம் பூரா பலத்தைப் பத்தி. என்னைக் கேட்டா அதோட துருப்புச்சீட்டு சூடு. நைலான் சூட்டுக்கு இளகுற சாதி, கால் வடிவ அச்சுல மாட்டி நீராவி விட்டா அந்த வடிவம் அப்படியே நின்னுரும், துவைச்சாலும் திரும்பி அதே வடிவத்துக்கு வந்துரும். சில்க் தொளதொளக்குற இடத்துல இது ஒட்டி நிக்கும். ராத்திரி அலசிப் போட்டா காலையில காஞ்சிருக்கும். மைனஸ் என்னன்னா வியர்வை இழுக்காது, மே மாச வெயில்ல நைலக்ஸ் புடவை கட்டின நம்ம ஊர் அம்மாங்களைக் கேட்டா விளக்கமா சொல்லுவாங்க.

சரி, பலம்? 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கோ அதான் டெனியர். ஆரம்பத்துல வந்த ஜோடிங்க கொஞ்சம் தடிமன், உழைச்சுச்சு. யுத்தத்துக்கு அப்புறம் 15 டெனியர்னு வந்துச்சு பாருங்க, போட்டிருக்கோமா இல்லையான்னே தெரியாத மெலிசு, எல்லாருக்கும் அதான் வேணும்னு ஆயிருச்சு. பின்னல்ல ஒரு கண்ணி, அதாவது ஒரு நூல் வளையம், அறுந்தா போதும், சர்ருனு ஏணி மாதிரி மேல வரைக்கும் ஓடிரும். நூலோட பலத்தை மொத்தமா அழகுக்கே செலவு பண்ணிட்டாங்க. வேணும்னே சீக்கிரம் கிழியற மாதிரி கம்பெனி சதி பண்ணிருச்சுன்னு ஒரு பேச்சு உண்டு, நான் அதை நம்பல, மெலிசா கேட்டா மெலிசாதான் கிடைக்கும்.

நடுவுல யுத்தம். 1941ல ஜப்பான் சில்க் நின்னு போச்சு, 1942ல நைலான் பாராசூட்டுக்கும் கயித்துக்கும் டயர் நூலுக்கும் போயிருச்சு, ரெண்டு போட்டியாளரும் களத்துலயே இல்ல. பழைய ஸ்டாக்கிங்ஸைக் கூட வாங்கிக்கிட்டாங்க, சில்க் மிச்சம் வைக்காம எரியும்ங்கறதால பீரங்கி மருந்துப் பை தைக்க. அந்த இடைவெளியில மூணாவது ஆளா வந்தது கால் மேக்கப், அதாவது காலுக்கு கலர் பூசிட்டு, ஸ்டாக்கிங்ஸ் பின்பக்கம் இருக்கற தையல் கோடு மாதிரி ஐப்ரோ பென்சில்ல நேரா ஒரு கோடு இழுக்கறது, தனக்குத்தானே நேரா இழுக்க முடியாது, இன்னொருத்தர் வேணும், மழை வந்தா சோலி முடிஞ்சுது. யுத்தம் முடிஞ்சதும் பிட்ஸ்பர்க்ல 13,000 ஜோடிக்கு 40,000 பேர் வரிசை கட்டினாங்க, தள்ளுமுள்ளு அடிதடி வரைக்கும் போச்சு.

அந்தக் கோடு எதுக்குன்னா, பழைய மெஷின் துணியைத் தட்டையா பின்னும், கணுக்கால் பக்கம் கண்ணியைக் குறைச்சுக் குறைச்சு வடிவம் கொண்டுவரும், அப்புறம் பின்னாடி சேர்த்து தைக்கணும். அந்தத் தையல்தான் கோடு, அது நேரா இருக்கான்னு திரும்பித் திரும்பிப் பாக்கறதே ஒரு வேலை. வட்டமா குழாய் மாதிரி பின்ற மெஷின்ல கோடே வராது, விலையும் கம்மி, வடிவத்தை நைலானோட சூடு பாத்துக்கும். 1960கள்ல கோடில்லாததுதான் ஜெயிச்சுச்சு. 1959ல வட கரோலினா கிளென் ரேவன் மில்ஸ் இடுப்பு வரைக்கும் சேர்த்து பேண்டிஹோஸ் கொண்டுவந்திருந்தாங்க, மினி ஸ்கர்ட் வந்ததும், ஸ்டாக்கிங்ஸ் நழுவாம பிடிச்சு நிறுத்த இடுப்புல கட்டுற கார்ட்டர் பெல்ட்டுக்கு வேலையே இல்லாம போச்சு. வசதின்னு பாத்தா பேண்டிஹோஸ்தான், ஆனா ஒரு கால்ல ஏணி ஓடினா ரெண்டு காலையும் சேர்த்து தூக்கிப் போடணும். ஒரே கலர்ல ரெண்டு மூணு ஜோடி ஸ்டாக்கிங்ஸ் வச்சிருந்தா ஒத்தைக்கு ஒத்தை மாத்திக்கலாம், சிக்கனக்காரங்களுக்கு அது பெரிய விஷயம்.

அழகுக்கு என் ஓட்டு கோடு வச்சதுக்குத்தான். பிரான்ஸ்லயும் இங்கிலாந்துலயும் ஒண்ணு ரெண்டு மில்லுங்க இன்னும் பழைய மெஷின்ல பின்றாங்க, விலை அதிகம். குழாய்ல பின்னிட்டு பின்னாடி பொய்க்கோடு போட்டு விக்கறதும் நிறைய இருக்கு, அதனால வாங்கறதுக்கு முன்னாடி மேல் பட்டையில கோடு முடியற இடத்தைப் பாருங்க, அங்க சின்னதா ஒரு ஓட்டை இருந்து, ஆடுசதை கிட்ட கோட்டுக்கு ரெண்டு பக்கமும் புள்ளி புள்ளியா கண்ணி குறைச்ச தடம் தெரிஞ்சா அது அசல்.