சீம் ரிப்பர்: என் வகுப்பின் முதல் பாடம்

மனையியல் ஆசிரியை நான். முதல் வகுப்பில் தைக்கச் சொல்லித்தர மாட்டேன். போட்ட தையலைப் பிரிக்கத்தான் சொல்லித்தருவேன். தப்பாகிவிடுமோ என்று பயப்படும் பிள்ளை துணியில் கை வைக்கவே தயங்கும். பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அதற்காகவே இந்த முறை வகுப்புக்கு 12 சீம் ரிப்பர் (தையலைப் பிரிக்கும் இருமுனைச் சிறு கருவி) வாங்கினேன்.

கைப்பிடி நல்ல தடிமன், வியர்த்த விரலிலும் வழுக்கவில்லை. நீள முனை நூலுக்கடியில் சுலபமாக நுழைகிறது. வெட்டும் விளிம்பு இரு முனைகளுக்கும் நடுவே உள்ள வளைவில் இருக்கிறது. குட்டை முனையிலுள்ள சிவப்பு உருண்டை துணியில் குத்தாமல் காக்கும். ஒரு பக்கம் நாலைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்து, மறுபக்க நூலை மெதுவாக இழுத்தால் முழுசாக வந்துவிடும். சர்ரென்று ஒரே தள்ளாகத் தள்ளும் அவசரக்காரர்களுக்கு (எல்லா வகுப்பிலும் இரண்டு பேர் இருப்பார்கள்) துணியில் ஓட்டை நிச்சயம்.

குறை? மூடிதான். இரண்டே வாரத்தில் மூன்று மூடிகள் தளர்ந்துவிட்டன. பிள்ளைகள் கையாளும் கூரான கருவிக்கு இது சரியில்லை. இப்போதைக்குத் தக்கையில் குத்தி வைக்கிறேன். 2.5 மில்லிமீட்டர் நீளத் தையலைப் பிரிக்கக் கருவி அருமை. நெருக்கமான பொத்தான் துளைத் தையலுக்கு இந்த முனை ஆகாது, அதற்கு மெல்லியதாக வேறு வாங்க வேண்டும்.