ஓலியின் தெருவா, பிரைட்னரின் தெருவா?

பழைய ஆம்ஸ்டர்டாம் தெருக்களைப் பார்க்க ஆசையா? இரண்டு பேரின் புகைப்படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: யாக்கோப் ஓலி (1834–1905), ஜார்ஜ் ஹெண்ட்ரிக் பிரைட்னர் (1857–1923).

ஓலி தச்சு வேலை பழகியவர். பிறகு தொழிற்பள்ளி ஆசிரியர். 1860களில் தன் வீட்டைச் சுற்றியிருந்த ஸாண்ட்ஹூக் கரையைத்தான் அதிகம் எடுத்தார். அப்போது ஈரத் தகடுதான். கண்ணாடியில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமும் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். படம் பதியவும் நேரமாகும். அதற்குள் தெருவில் ஆள் அசைந்தால் போச்சு, பேய் மாதிரி ஒரு புகைதான் மிஞ்சும். அதனால் அவர் படங்களில் அக்கம்பக்கத்தார் அசையாமல் நிற்கிறார்கள். இடையில் பல வருடம் கேமராவைத் தொடாமல் இருந்துவிட்டு, 1890 வாக்கில் உலர் தகட்டோடு, அதாவது முன்கூட்டியே பூசிக் காயவைத்த கண்ணாடியோடு, திரும்பி வந்தார்.

பிரைட்னரும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் தொடங்கினார். ஆனால் அவர் ஓவியர். படம் அவருக்குக் குறிப்பேடு மாதிரி. கையில் பிடிக்கிற கேமராவோடு கூட்டத்துக்குள் நுழைந்துவிடுவார். வண்டிக் குதிரைகள், வேலைக்காரப் பெண்கள், கட்டட வேலையாட்கள், மழை ஈரம். சட்டகம் சாய்ந்திருக்கும், முகம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும்.

எந்த வீடு எங்கே இருந்தது, கூரை எப்படி, படகு எங்கே கட்டியது என்று தெரிய வேண்டுமென்றால் ஓலிதான். செங்கல்லைக்கூட எண்ணலாம். எனக்கென்னவோ பிரைட்னர்தான் பிடிக்கிறது. அந்த மங்கலில்தான் தெரு நடக்கிறது.