மருந்து ஆய்வு அனுபவம்: சிகிச்சை சரி, இரவு டியூட்டிதான் சொதப்பல்

அம்மாவுக்கு மூளையிலேயே தொடங்கும் லிம்ஃபோமா. வெள்ளை ரத்த அணுக்களில் வரும் அபூர்வமான புற்றுநோய், அதனால் கீமோவோடு இம்யூனோதெரபியும் (உடம்பின் எதிர்ப்பு சக்தியை வைத்தே புற்றை எதிர்க்கும் சிகிச்சை) சேர்த்துப் பார்க்கும் ஆய்வில் சேர்ந்தோம். ஒப்புதல் படிவம் 20 பக்கத்துக்கு மேல். ஆனால் ஆய்வு நர்ஸ் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது வரை பொறுமையாகச் சொன்னார், அதற்கே முழு மதிப்பெண். குணமாகும் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை, அதுவும் பிடித்தது.

கீமோ என்றால் அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட்: ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பைத் தாண்ட அவ்வளவு வேண்டும், அப்புறம் சிறுநீரகம் கெடாமல் இருக்க நாள் முழுக்க சலைன், நல்ல செல்களைக் காக்க லியூகோவோரின் மருந்து, தினமும் ரத்தப் பரிசோதனை என்று வார்டிலேயே கிடக்க வேண்டும். கூடவே இம்யூனோதெரபி மருந்தான நிவோலுமாப். இது புற்றுச் செல்லை நேரடியாகக் கொல்லாது, நோயை எதிர்க்கும் டி செல்களின் பிரேக்கை எடுத்துவிடும். அவை சில சமயம் குடல், தைராய்டு என்று நம் உடம்பையே தாக்கும். அம்மாவுக்குத் தைராய்டு குறைந்தது, மாத்திரையில் சமாளிக்கிறோம்.

குறையா? ஸ்டீராய்டு இம்யூனோதெரபியை மந்தமாக்கலாம் என்று படிவத்திலேயே இருக்கிறது, இரவு டியூட்டி டாக்டரோ ஆய்வுக் குழுவைக் கேட்காமல் தலைவலிக்கு அதையே எழுதப் போனார். நான்தான் தடுத்து அவர்களுக்கு போன் போட்டேன். ஸ்கேன் முடிவு வர 9 நாள். கேட்டால்தான் சொல்கிறார்கள்.