தர்மன், இங் கொக் சொங், டான் கின் லியன்: ரெண்டாவது சாவிய யார்கிட்ட குடுக்குறது?

இந்த மூணு பேரும் நின்ன 2023 சிங்கப்பூர் அதிபர் தேர்தல் சமயத்துல எங்க வீட்ல தினமும் இதே பேச்சுதான். என் தம்பி கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கு, "தர்மன் இருபது வருஷத்துக்கு மேல ஆளும் மக்கள் செயல் கட்சி (மசெக) எம்பி, ஜூலை 7 கட்சியில இருந்து ராஜினாமா, செப்டம்பர் 1 தேர்தல், இந்த ரெண்டு மாசத்துல ஒருத்தர் எப்படிண்ணே கட்சி சார்பில்லாத ஆளா மாற முடியும்?"

நியாயமான கேள்விதான். நம்ம அதிபர் ஆட்சி நடத்துறவர் இல்ல, பழைய ஆட்சிகள் சேத்து வச்ச ரிசர்வ்ஸ, அதாவது நாட்டோட சேமிப்ப, அரசாங்கம் தொடணும்னா அவர் சம்மதிக்கணும், பெரிய பதவி நியமனங்களுக்கும் அப்படித்தான், அதனாலதான் ரெண்டாவது சாவின்னு சொல்றாங்க. தர்மனோட பலம், பலவீனம் ரெண்டுமே இந்த ஒரே எடத்துலதான் இருக்கு. 2009 பொருளாதார நெருக்கடியில மொத மொதலா ரிசர்வ்ஸ திறந்தாங்க, 4.9 பில்லியன் வெள்ளி வரைக்கும் எடுக்க அனுமதி, அன்னைக்கு நிதியமைச்சர் தர்மன், ஒப்புதல் குடுத்த அதிபர் எஸ்.ஆர்.நாதன். அப்ப கேக்குற பக்கம் இருந்தவரு, ஜெயிச்சா குடுக்குற பக்கம் வரணும். எந்தக் கணக்குல எதைத் தேடணும்னு அவரைவிடத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. ஆனா பழகுன சகாக்கள் முகத்தப் பாத்து முடியாதுன்னு சொல்வாரா?

இங் கொக் சொங் எந்தக் கட்சியிலயும் இருந்ததில்ல, சிங்கப்பூர் அரசு முதலீட்டு நிறுவனமான ஜிஐசி-யோட தலைமை முதலீட்டு அதிகாரியா இருந்தவர், அதாவது ரிசர்வ்ஸ முதலீடு பண்ணி வளத்த கை அது. பேப்பர்ல பாத்தா இவர்தான் பொருத்தம்னு எனக்கே தோணுச்சு, உண்மையாவே ரெண்டு நாள் தடுமாறினேன். ஆனா தேர்தலுக்கு முன்னாடி பொதுமக்கள் நிறைய பேருக்கு அவர் பேரே தெரியாது, தன் தொகுதியான ஜூரோங்ல தர்மன் 2001-ல இருந்து ஆளுங்களோட பழகுன பழக்கத்துக்கு முன்னாடி சில வார பிரச்சாரம் எம்மாத்திரம்.

டான் கின் லியன் என்டியுசி இன்கம்ங்கிற காப்புறுதி நிறுவனத்த முப்பது வருஷம் நடத்துனவர், 2008-ல அமெரிக்க வங்கி லீமன் பிரதர்ஸ் விழுந்தப்ப பணத்த விட்டவங்களுக்காக ஹோங் லிம் பார்க்ல நின்னவர், அந்த மரியாதை எனக்கு உண்டு. ஆனா பொண்ணுங்களப் பத்தி அவர் போட்ட பேஸ்புக் பதிவுகள என்னால ஒதுக்கி வச்சுட்டுப் பாக்க முடியல.

தம்பிக்கு நான் சொன்ன பதில் ஓங் டெங் சியோங். அவரும் மசெக துணைப் பிரதமரா இருந்து 1993-ல அதிபரானவர்தான். ரிசர்வ்ஸ்ல என்னென்ன சொத்து இருக்குன்னு முழுப் பட்டியல் கேட்டார், அதுல நிலம், கட்டடம் மாதிரி அசையாச் சொத்துகளுக்கு மதிப்பு போட ஒரு ஆள் 56 வருஷம் உக்காந்து பாக்குற அளவு வேலை ஆகும்னு பதில் வந்துச்சு, அதுக்கப்புறமும் அவர் விடல. கட்சி முத்திரை இருந்தா முதுகெலும்பு இருக்காதுன்னு யார் சொன்னது?

நான் தர்மனுக்குத்தான் போட்டேன். 70.4% வாங்கினார், இங் 15.7, டான் 13.9, அத்தனை பெரிய வித்தியாசம் நானே எதிர்பாக்கல. தமிழ்க்காரர்னு சந்தோஷம் இருந்துச்சு, மறைக்கல, ஆனா ஓட்டு அதுக்காக இல்ல. என்னைக்காவது ஒரு நிதியமைச்சர் 2009-ல இவர் வந்த மாதிரியே ரிசர்வ்ஸ் கேட்டு வந்து நிப்பார், அன்னைக்கு இவர் என்னென்ன கேள்வி கேக்குறார்னு தம்பியும் நானும் பாத்துட்டுதான் இருப்போம்.