மெஸ்ஸோடின்ட் ராக்கர், 4 இன்ச், 85 பல்: ஒரு வருஷம் ஆட்டிப் பாத்தாச்சு

நேரா விஷயத்துக்கு வரேன். பெட்டிய பிரிச்ச அன்னைக்கு இது ராக்கரே கிடையாது, ராக்கர் மாதிரி இருந்த ஒரு இரும்புத் துண்டு, அவ்ளோதான். இன்னைக்கு என் மேசைல இருக்கற கருவிலயே அதிகமா கைல எடுக்கறது இதத்தான். நடுவுல ஆறு மாசமும் ஒரு சாணைக்கல்லும் போயிருக்கு. செஞ்சு வித்தவங்க பேர் வேண்டாம், கருவிய பத்தி மட்டும் பேசுவோம்.

இது என்னன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. மெஸ்ஸோடின்ட்ங்கறது உலோகத் தகட்டுலேர்ந்து படம் அச்சடிக்கற ஒரு முறை, ராக்கர் அந்த தகட்ட தயார் பண்ற கருவி. அகலமான உளி மாதிரி இருக்கும், ஆனா வெட்டற முனை நேரா இல்லாம பிறை மாதிரி வளைஞ்சிருக்கும், அந்த வளைவு பூரா குட்டி குட்டியா பல். செப்புத் தகடு மேல நிமித்தி வெச்சு இடதும் வலதுமா ஆட்டிக்கிட்டே நகர்த்தணும், ஒவ்வொரு பல்லும் ஒரு குழி போட்டு பக்கத்துல கொஞ்சூண்டு பிசிறையும் தூக்கி விட்டுரும். பிரெஞ்சுலயும் ஜெர்மன்லயும் இதுக்கு தொட்டில்னே அர்த்தம் வர்ற பேருதான், ஆட்டிப் பாத்தா ஏன்னு புரியும், என்ன ஒண்ணு இங்க தூக்கம் வர்றது ஆட்டறவனுக்கு. தகடு முழுக்க இப்படி கொத்தி மை போட்டு அடிச்சா முழுக் கருப்பு வரும். அப்புறம் ஸ்கிரேப்பர், பர்னிஷர் வெச்சு எங்கெல்லாம் வெளிச்சம் வேணுமோ அங்க பிசிற சீவி, குழிய தேச்சு மழுப்பணும். மத்தவங்க வெள்ளைல கருப்பு வரைவாங்க, நாம கருப்புலேர்ந்து வெள்ளைய தோண்டி எடுக்கறோம்.

85 பல்னா ஒரு இன்ச்சுக்கு 85. 4 இன்ச்சுக்கு 340 பல் ஆச்சா, இந்த 340-ம் ஒரே உயரத்துல, ஒரே கூர்ல, வளைவு எங்கயும் தட்டையாகாம இருக்கணும். பிரச்சினை அங்கதான்.

முதல் தகடு 10க்கு 15 சென்டிமீட்டர், மெனக்கெட்டு 24 திசைல ஆட்டினேன், அதாவது ஒவ்வொரு தடவையும் கோணத்த மாத்தி தகடு முழுக்க. ஒரு திசைக்கு முக்கா மணி நேரம் கிட்ட ஆகும், கணக்கு போட்டா பதினெட்டு மணி நேரம், சாயங்காலம் சாயங்காலமா ரெண்டு வாரம். மை போட்டு அடிச்சா கருப்பே வரல, சாம்பல் கலர்ல, மழைல நனைஞ்ச சுவர் மாதிரி திட்டுத் திட்டா, அதுவும் ஒரே இடைவெளில வெளிறின கோடு கோடா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொல்வாங்கல்ல, அதனால முதல்ல என்னையதான் சந்தேகப்பட்டேன். கை அழுத்தம் சரியில்லையோ, கோணம் சாஞ்சுதோ, மை கெட்டியோன்னு ஒண்ணொண்ணா மாத்தி இன்னொரு சின்ன தகட்டையும் பாழாக்கின அப்புறம்தான் பத்து மடங்கு பெருசா காட்டற லூப்ப எடுத்து பல்ல பாத்தேன். கூடம் நெஜமாவே கோணல். வலது ஓரத்துல ஏழெட்டு பல் சரியாவே உருவாகல, நடுவுல ஒரு இடத்துல வளைவு தட்டையா போயிருக்கு, பல் நுனிலயெல்லாம் சாணை பிடிச்ச பிசிறு அப்படியே மடங்கி ஒட்டிட்டு நிக்குது.

எழுதிக் கேட்டேன். நாலு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, மரியாதையாதான் எழுதியிருந்தாங்க, "பயன்படுத்தப் பயன்படுத்த பல் படிஞ்சுக்கும்"னு. செருப்புதான் கால்ல படியும், ராக்கர் பல் எப்படிங்க படியும்? ஆட்ட ஆட்ட மழுங்கத்தான் செய்யும். திருப்பி அனுப்பறதுக்கு நான் ஏற்கனவே ஒரு தகடு முழுக்க ஆட்டிட்டேன், "பயன்படுத்திய பொருள்" ஆயிடுச்சு, விட்டுட்டேன்.

இதுல சரி பண்ற விதம் ரொம்ப எளிசு, ஆனா தப்பு பண்றது அதவிட எளிசு. ராக்கருக்கு ரெண்டு முகம். ஒண்ணுல நேர் நேரா வாய்க்கால் கீறியிருக்கும், இன்னொண்ணு சரிவா வழவழன்னு இருக்கும். சாணை பிடிக்கறது அந்த சரிவான பக்கத்த மட்டும்தான். வாய்க்கால் இருக்கற பக்கத்த தேச்சீங்கன்னா வாய்க்கால் ஆழம் குறைஞ்சு பல் குட்டையாகும், அப்புறம் அத வெச்சு கடுதாசி பறக்காம பாத்துக்கலாம். சரிவ ஒரே கோணத்துல பிடிச்சு வளைவோட ஓட்டத்துக்கே கல்லுல உருட்டணும், வெறும் கையால நூறு தடவை உருட்டினா நூறு கோணம் வரும். அதுக்குன்னு கோணம் மாறாம பிடிச்சுக்கற ஒரு தாங்கி, ஜிக்னு பேரு, தனியா விக்கறாங்க. இந்த பெட்டிக்குள்ள அது இல்ல, அப்படி ஒண்ணு வேணும்ங்கற தகவல் கூட இல்ல. ராக்கர் வாங்கறவங்க ஜிக்கையும் சேத்தே வாங்குங்க, இல்லாட்டி ஒரு மரக்கட்டைல சரிவு வெட்டி நீங்களே செஞ்சுக்கோங்க. நான் செஞ்சது ரெண்டாவது வகை, மூணாவது கட்டைலதான் கோணம் சரியா அமைஞ்சுது. தட்டை இடம் போற வரைக்கும் முழு வளைவையும் கொஞ்சம் கொஞ்சமா இறக்கினதுல ஓரத்துப் பல்லும் தானா வெளிய வந்துச்சு. இரும்பு நல்ல இரும்புங்கறத அப்போதான் கண்டுபிடிச்சேன், அதுக்கு முழு மார்க். ஒரு தடவை கூர் வந்ததுக்கப்புறம் ஒரு முழுத் தகடு வரைக்கும் தாராளமா நிக்குது.

அதே அளவு தகடு, அதே 24 திசை, மறுபடியும் ஆட்டினேன். இந்த தடவை வந்த கருப்ப எப்படி சொல்றதுன்னு தெரியல. நான் முதல்ல மர எங்க்ரேவிங் பண்ணவன், அப்புறம் கொஞ்ச காலம் லித்தோ, அதாவது கல்லச்சு. மரக் கட்டைல கருப்புங்கறது மேல் பரப்புல உருட்டின மை, சுத்தமா தட்டையா உக்காரும், அழகு பூரா நாம செதுக்கற வெள்ளைக் கோட்டுலதான். லித்தோல கல்லு மேல கொழுப்புக்கும் தண்ணிக்கும் நடக்கற சண்டைதான் படம், கிரேயான் கருப்பு கல்லோட மணல்மணலான தன்மையோடவே வரும், அது ஒரு தனி ருசி. மெஸ்ஸோடின்ட் கருப்பு பேப்பருக்குள்ள இறங்கி நிக்குது. குழிலயும் பிசிறுலயும் புடிச்ச மை மொத்தமும் நனைஞ்ச பேப்பருக்கு ஏறி வருது, தொட்டா வெல்வெட் மாதிரி இருக்குமோன்னு தோணும், தொட்டுராதீங்க, கை ரேகை விழும். நான் தொட்டேன்.

ஆனா இந்த சொகுசுக்கு ஆயுசு கம்மி. பாக்ஸ்வுட் கட்டைய குறுக்கா அறுத்த முகத்துல செதுக்கினது லட்சக்கணக்குல அடிச்சாலும் தாங்கும், அதனாலதானே இங்கிலாந்து மர எங்க்ரேவர் தாமஸ் ப்யூவிக் 1790-ல விலங்குகள் புத்தகம் போட்ட காலத்துலேர்ந்து புத்தகக்காரங்களும் பத்திரிகைக்காரங்களும் அத பிடிச்சுக்கிட்டாங்க, எழுத்தோட ஒண்ணா வெச்சு அடிச்சுரலாம். செப்புல தூக்கி நிக்கற பிசிறு ஒவ்வொரு தடவை பிரஸ்ஸுக்குள்ள போறப்பவும் கொஞ்சம் படுத்துரும். 1820-கள்ல ஸ்டீல் தகட்டுக்குப் போனது இதனாலதான், ஓவியர் ஜான் மார்ட்டின் மில்டனோட காவியத்துக்குப் போட்ட அந்த பிரம்மாண்டமான இருட்டெல்லாம் ஸ்டீல்ல செஞ்சது. என் செப்புத் தகட்டுல முப்பதாவது ப்ரூஃப் (அச்சடிச்சுப் பாத்த பிரதி) வரும்போதே முதல் ப்ரூஃப பக்கத்துல வெச்சா வித்தியாசம் தெரிஞ்சுது. பெரிய எடிஷன் போடணும்னா தகட்டுக்கு மேல ஸ்டீல் பூச்சு கொடுத்துக்கறது புத்திசாலித்தனம்.

பல் எண்ணிக்கை பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா வாங்கறதுக்கு முன்னாடி நான் குழம்பினது இதுலதான். 65 ஆழமா கொத்தும், கருப்பு சீக்கிரம் வரும், ஆனா முகம், கண்ணு மாதிரி நுணுக்கமான இடத்துல புள்ளி தெரியும். 100 பட்டு மாதிரி இருக்கும், குழி மேலாப்புல நிக்கறதால சீக்கிரம் தேயும், திசையும் கூடுதலா போகணும். கைக்கு அடக்கமான படம் போடறவங்களுக்கு 85 போதும்ங்கறது என் கட்சி. முதல் ராக்கரா 100 வாங்காதீங்க, பொறுமை போயிரும். அகலமும் யோசிங்க, 4 இன்ச் சாயாம நிலையா ஓடும் ஆனா மணிக்கட்டு வலி உசுர எடுக்கும். பின்னாடி ஒரு நீளக் கம்பு கட்டி அதோட முனைய ஒரு தடத்துல ஓட விட்டா கோணமும் மாறாது, கையும் பிழைக்கும். இந்த ராக்கர்ல கைப்பிடி குமிழ் மாதிரி உருண்டையா பெருசா இருக்கறதால கம்பு கட்டவே முடியல, கைப்பிடிய அறுத்துட்டுதான் மாட்டினேன். வார்னிஷ் போட்டு ரொம்ப அழகா செஞ்சிருந்தாங்க பாவம்.

மெஷின்ல கொத்தி ரெடியா வர்ற தகடு கிடைக்கும்போது இதெல்லாம் எதுக்குன்னு கேப்பீங்க. அதையும் வாங்கிப் பாத்தேன். சீரா இருக்கு, நேரம் மிச்சம், முதல் தடவை சுரண்டிப் பழக அதுதான் சரி. ஆனா ஒரு இடத்துல அதிகமா தேச்சு வெளிச்சம் கூடிப்போச்சுன்னா திரும்ப கருப்பாக்க கைல ராக்கர் இருந்தாகணும், ஒரு குட்டி ராக்கரோ பல்சக்கரமோ வெச்சு அந்த இடத்த மட்டும் மறுபடி கொத்தலாம். லித்தோல ஒரு இடத்துல கை தவறினா எவ்ளோ பாடுன்னு கல்லு அரைச்சவங்களுக்குத் தெரியும்.

சொல்லப்போனா ராக்கர் இல்லாமயும் இந்த வேலை தொடங்கியிருக்கு. 1642-ல லுட்விக் ஃபான் சீகன் போட்ட முதல் மெஸ்ஸோடின்ட் உருவப்படம் பல்சக்கர மாதிரி கருவில செஞ்சது, கருப்பு வேணுங்கற இடத்துல மட்டும் உருட்டியிருக்கார். தகடு முழுக்க கொத்தற ராக்கருக்கான பெருமை பொதுவா இளவரசர் ரூபர்ட்டுக்குப் போகும், 1658-ல அவர் போட்ட, மரண தண்டனைய நிறைவேத்தறவனோட படத்த ஒரு தடவை தேடிப் பாருங்க, வாளோட நிக்கறவன் இருட்டுலேர்ந்து வர்றத. படைத்தளபதி வேலையும் பாத்துக்கிட்டு இதுக்கு எங்கேர்ந்து நேரம் கிடைச்சுதோ. டச்சுக் கலைஞர் எஷர் லித்தோவும் மர எங்க்ரேவிங்கும் அவ்ளோ போட்டவர், மெஸ்ஸோடின்ட் மொத்தம் எட்டோட நிறுத்திட்டார், 1946-ல போட்ட அந்தக் கண்ணு, 1948-ல போட்ட பனித்துளி எல்லாம் அந்த எட்டுல வரும். எஷர் மாதிரி பொறுமைசாலியே கைய விட்ட வேலைங்க இது.

மார்க் சொல்லணும்னா இரும்புக்கு அஞ்சுக்கு அஞ்சு, சாணைக்கு ஒண்ணு, கைப்பிடிக்கு ரெண்டு, வாடிக்கையாளர் சேவைக்கு அந்த மரியாதையான கடிதத்துக்காக ஒண்ணரை. இன்னொரு விஷயம், பல்லுக்கு மூடி எதுவும் வரல, வெறும் பேப்பர் சுத்தி அனுப்பியிருந்தாங்க, ஓரத்துப் பல்லு வழிலயே அடிபட்டிருந்தாலும் ஆச்சரியமில்ல. நான் பழைய சைக்கிள் ட்யூப்ப நீளமா வெட்டி, பல்லுல எண்ணெய் தடவி, அதுக்குள்ள சொருகி வெச்சிருக்கேன். இப்ப ஒரு தகடு பத்தொம்பதாவது திசைல நிக்குது, இன்னும் அஞ்சு இருக்கு.